அண்டில் டான்: ஓர் ஆள் போய்விட்டாள். முதலிலிருந்து ஆரம்பிப்பதா, அப்படியே தொடர்வதா?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். அண்டில் டான் என்கிற வீடியோ கேமை ஆடி முடித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். வீட்டில் இதை வைத்துப் பஞ்சாயத்து ஓடுகிறது.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கிட்டத்தில் வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் கலெக்டர் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாவற்றுக்கும் லீவு விட்டிருக்கிறார். சம்பா நட்டாகிவிட்டது. வயலில் தண்ணீரை வடிய வைக்கிற வேலைதான் பாக்கி, அதை அப்பா பார்த்துக்கொள்கிறார். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய பிஎஸ் 4 கேம் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில்தான் இந்த ஆட்டம்.

ஆடுகிறவர்கள் நான், பிளஸ் டூ படிக்கும் தம்பி, தீபாவளிக்கு வந்து மழையில் தங்கிவிட்ட அத்தை மகள். அப்புறம் அப்பாயி. அப்பாயி கண்ட்ரோலரைத் தொடுவதில்லை. ஆனால் யார் ஆடினாலும் முடிவு அப்பாயியைக் கேட்டுத்தான். எட்டுப் பாத்திரங்களை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். தம்பிக்கு மைக், கிறிஸ், ஜெசிகா. அத்தை மகளுக்கு சாம், ஆஷ்லி. எனக்கு எமிலி, மேட். ஜாஷ் யார் கையில் வந்தால் அவர்கள் ஆடுவது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கனடாவில் ஒரு பனிமலை. மேலே பெரிய மாளிகை. போன வருடம் அங்கே நடந்த விருந்தில் கூட்டாளிகள் ஒரு பெண்ணை ஏமாற்றி விளையாட, அவள் அவமானத்தில் பனிக்குள் ஓடுகிறாள். தேடிப் போன அவளுடைய இரட்டைச் சகோதரியும் திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்து அவர்களுடைய அண்ணன் ஜாஷ் அதே கூட்டாளிகளை அதே வீட்டுக்குக் கூப்பிடுகிறான். பொழுது விடிவதற்குள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பது நம் கையில். 2015இல் இங்கிலாந்துக் கம்பெனி சூப்பர்மேசிவ் கேம்ஸ் செய்தது. பார்க்கப் படம் மாதிரி ஓடும், நடுநடுவே நம்மிடம் கேட்கும். இதைச் சொல்லவா அதைச் சொல்லவா, ஓடவா ஒளியவா. நமக்கு நேரம் சில விநாடிதான்.

அந்த சில விநாடிக்குள் நான் அப்பாயிக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். முதலில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒத்து வரவில்லை. இப்போது "ஓடணுமா, ஒளியணுமா?" என்று இரண்டே வார்த்தை. அப்பாயியும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறது.

ஆரம்பத்தில் கிறிஸ் துப்பாக்கி வைத்துக் குறி பார்த்து விளையாடுகிற இடத்தில் ஓர் அணில் வரும். தம்பி குறியை அதன் மேல் வைத்தான். "அணிலை அடிக்காதடா, ராமர் தடவிக் கொடுத்தது" என்று அப்பாயி சத்தம் போட்டது. தம்பி சுட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு பறவை பறந்து வந்து பக்கத்தில் நின்ற சாமின் முகத்தைக் கொத்தியது. திரையில் பட்டாம்பூச்சிகள் பறந்தன. நாம் எடுத்த முடிவு கதையை எங்கேயோ மாற்றுகிறது என்றால் அப்படி ஓர் அடையாளம் காட்டுவார்கள். "பாத்தியா" என்று மட்டும் சொன்னது அப்பாயி. அன்றிலிருந்து அப்பாயி பேச்சுக்கு இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இனி எழுதுவது கதையை உடைக்கும், ஆடாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

காட்டுக் குடிசையில் மைக்கும் ஜெசிகாவும் இருக்கும்போது ஏதோ ஒன்று கண்ணாடியை உடைத்து ஜெசிகாவை இழுத்துக்கொண்டு போகிறது. மைக் பின்னாலேயே ஓட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குதித்தால் குறுக்கு வழி, நிதானமாக இறங்கினால் சுற்று வழி. தம்பி ஓர் இடத்தில் சுற்று வழியை எடுத்தான். அப்புறம் பதறிப்போய் மற்ற இடங்களில் குதித்தான். சுரங்க லிஃப்டில் அவளைக் கண்டுபிடித்தபோது உடம்பெல்லாம் ரத்தம். கண்ணெதிரே லிஃப்ட் அறுந்து அவளோடு கீழே போய்விட்டது.

தம்பி கண்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். முதலிலிருந்து ஆட வேண்டும் என்கிறான். "நான் ஜாக்கிரதையாத்தானேக்கா போனேன், அதுக்கா தண்டனை?" என்று கேட்கிறான். அத்தை மகள், ஆரம்பித்தால் அணிலையும் காப்பாற்றிவிடலாம் என்று அவன் பக்கம். அப்பாயி மட்டும் "போனவ போனவதான், மிச்சம் இருக்குறதுகளப் பாருங்க" என்கிறது.

நானும் அப்பாயி பக்கம்தான். திரும்ப ஆரம்பித்தால் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். யோசித்து, சண்டை போட்டு எடுத்த முடிவுகள் எல்லாம் பரீட்சையில் விடைத்தாளைப் பார்த்து எழுதியது போல் ஆகிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் தம்பி இரவுச் சாப்பாட்டில் யாரிடமும் பேசவில்லை. அவனை அப்படிப் பார்க்கவும் கஷ்டமாக இருக்கிறது.

கேள்வி இதுதான். ஓர் ஆள் போன பிறகு தொடர்வதில் அர்த்தம் இருக்கிறதா? இல்லை, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போக வழி இருக்கிறதா?

பாமணி:

தங்கச்சி, நானும் பக்கத்தில் மன்னார்குடிதான். முதலில் ஒரு கேள்வி. லிஃப்ட் விழுவதற்கு முன்னால் ஜெசிகாவுக்கு மூச்சு இருந்ததா? முகம் எப்படி இருந்தது? தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை இங்கே எழுத வேண்டாம், அவன் யோசித்தால் போதும். இதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இரண்டாவது, சேவ் விஷயம், அதாவது ஆடின இடத்தைப் பதிந்து வைப்பது. இந்த ஆட்டத்தில் நாமாக சேவ் செய்து வைத்துக்கொள்கிற வசதி கிடையாது. ஒரு முடிவு எடுத்ததும் தானாகப் பதிந்துவிடும், அதன் மேலேயே அடுத்ததும் பதியும். திரும்பிப் போக இடமே கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மொத்தம் பத்து அத்தியாயம். ஒரு தடவை கடைசி வரை முடித்துவிட்டால் எந்த அத்தியாயத்தையும் எடுத்துத் திரும்ப ஆடலாம். அங்கே மாற்றியது பின்னால் வருவதிலும் மாற வேண்டும் என்றால் அந்த அத்தியாயத்திலிருந்து கடைசி வரை தொடர்ந்து ஆட வேண்டும்.

ஆகையால் தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: முடித்துவிட்டு வா, அப்புறம் நீயே தனியாக உட்கார்ந்து எட்டுப் பேரையும் காப்பாற்று. இரண்டுமே நடக்கும். எட்டுப் பேரும் பிழைக்கிற முடிவும் இருக்கிறது, ஒருவர்கூட மிஞ்சாத முடிவும் இருக்கிறது. நடுவில் ஆட்டம் ஓவர் என்று எங்கேயும் வராது. யார் போனாலும் கதை மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு நடக்கும். மற்ற ஆட்டங்களில் செத்தால் பழைய இடத்தில் எழுந்திருப்போம். இதில் செத்தால் அந்த ஆளுடைய குரலே அப்புறம் கேட்காது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணமே அதுதான்.

ஜாக்கிரதையாகப் போனதற்கா தண்டனை என்று கேட்கிறானே, நல்ல கேள்வி. அந்த ஓட்டத்தில் நிதானம் பார்த்தால் நேரம் போகும், நேரம் போனால் அவள் கதி மோசமாகும். இன்னோர் இடத்தில் இதற்கு நேர் எதிராக, ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தவன் பிழைப்பான். ஒரே புத்தியை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது. திரையில் கேள்வி வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பேசாமல் விட்டால் அதுவும் ஒரு முடிவாகக் கணக்கில் ஏறும்.

வழியில் கிடக்கிற சின்ன மரப் பொம்மைகளை விடாமல் எடுங்கள். டோட்டம் என்பார்கள். திருப்பிப் பார்த்தால் பின்னால் நடக்கப்போவது ஒரு கண நேரம் தெரியும். கறுப்பு சாவு, சிவப்பு ஆபத்து, பழுப்பு இழப்பு, மஞ்சள் வழிகாட்டல், வெள்ளை அதிர்ஷ்டம். அப்பாயியிடம் நிறத்தை மட்டும் சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, மழைக்காலம். கரண்ட் பட்டென்று போனால் பிஎஸ் 4 திரும்ப எழும்போது சரிபார்க்கிறேன் என்று நேரம் எடுக்கும். பதிந்துகொண்டிருக்கும்போது போனால் சேவ் கெட்டுப்போகவும் கூடும். தினமும் ஆட்டம் முடிந்ததும் செட்டிங்ஸில் போய் சேவை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். 2018இல் கஜா அடித்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதிலிருந்து எனக்கு எதற்கும் ஒரு நகல் வேண்டும். ஆனால் அந்த நகல் கரண்டுக்காக மட்டும். செத்தவரை எழுப்ப எடுக்காதீர்கள்.

தரங்கைக் கடல்:

பாமணி அண்ணன் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதுப் பையன், தன்னால் ஒருத்தி போய்விட்டாள் என்று சாப்பாட்டில் பேசாமல் இருக்கிறான் என்றால், திரும்ப ஆரம்பிக்கட்டுமே. குடிசை வரை ஆடினது சில மணி நேரம். மழை விடுகிற மாதிரியும் இல்லை.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்னொரு வழி. இதே கம்பெனி 2019இல் செய்த மேன் ஆஃப் மேடான் எடுங்கள். அதில் மூவி நைட் என்று தனியாகவே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் வரை பெயர் கொடுத்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். யார் முறை வந்தாலும் அவர் பெயரைத் திரையில் காட்டி கண்ட்ரோலரைக் கொடு என்று சொல்லும். நீங்களாகப் பிரித்துக்கொண்ட ஏற்பாட்டை ஆட்டமே செய்துவிடுகிறது. அண்டில் டானில் பாதிகூட வராது, ஒரே ராத்திரியில் முடியும்.

கதை தென் பசிபிக் கடலில். மூழ்கிக் கிடக்கும் விமானத்தைத் தேடி நாலு பேர் ஒரு படகை வாடகைக்கு எடுத்துப் போகிறார்கள். ஓட்டுவது ஒரு பெண். ஊராங் மேடான் என்ற பேய்க்கப்பலைப் பற்றிக் கடலோடிகள் நடுவே உலவிய கதையை வைத்துப் பின்னியது.

எங்கள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துதான் ஆடினோம். ஆரம்பத்தில் வேறொரு படகுக்காரர்கள் கிட்டே வந்து மறிப்பார்கள். கான்ராட் என்கிற பையன் திமிராகவும் பேசலாம், தணிந்தும் பேசலாம். அப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "கடல்ல அடுத்த படகுக்காரன வம்புக்கு இழுக்காத, ராத்திரி திரும்பி வருவான்" என்றார். ஆட்டத்தில் ராத்திரி நிஜமாகவே வந்தார்கள்! அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு இடமும் எனக்கு மறக்காது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும், முக்குளிக்கிறவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. இதை ஆட்டம் பாடம் மாதிரிச் சொல்லாது. ஜூலியா என்ற பெண்ணை நாம் நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டு வந்தோமா இல்லையா, அப்புறம் பீர் குடிக்க விட்டோமா என்று கணக்கு வைத்துக்கொள்ளும். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எனக்கு அந்த ஆட்டத்தில் அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

ரெண்டு பிள்ளைக்காரி:

ஆடுங்கள், சந்தோஷம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? அண்டில் டான் ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி வந்தது. பின் பாதியில் கழுத்து போகிற காட்சியெல்லாம் நேராக வரும். கூடத்தில் டிவி இருந்தால் கதவோரம் நின்று பார்க்கிற பிள்ளைதான் ராத்திரி தூங்காது. என் பெரியவள் அப்படித்தான் ஏதோ ஒரு பேய் ஆட்டத்தின் வீடியோவை எட்டிப் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை.

அப்பாயிக்கும் இதயத்துக்கு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். திடீரென்று கத்திக்கொண்டு முகத்துக்கு நேரே வருகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. அந்த நேரம் சத்தத்தைக் குறைத்து வைத்தாலே பாதி அதிர்ச்சி போய்விடும்.

வெண்ணாற்றங்கரை:

அக்கா, சித்தி மகன் ஒருத்தன் இருக்கிறான், ஐந்தாம் வகுப்பு. அவன் சாப்பிட்டுத் தூங்கின பிறகுதான் தொடங்குகிறோம், உள் அறையில் சித்தியோடு படுக்கிறான். சத்தத்தைக் குறைத்து எழுத்தை வைத்தே பார்க்கிறோம். அப்பாயிக்குச் சர்க்கரைக்கு மட்டும்தான் மாத்திரை.

அப்பாயி பயப்படுகிறதா என்று எனக்கே ஒரு கவலை இருந்தது. அத்தியாயங்களுக்கு நடுவே டாக்டர் ஹில் என்று ஒருவர் வந்து படங்களைக் காட்டி எது அதிகப் பயம் என்று கேட்பார் அல்லவா. பாம்பு, எலி, சிலந்தி என்று வரும். அப்பாயி கொஞ்சமும் யோசிக்காமல் எலி என்றது. பாம்பு எலியைத் தின்கிறது, அதனால் நம் கட்சி. எலி சம்பாவைக் கடித்துப் போட்டால் ஒரு வருடச் சோறு போச்சு. தம்பி பாம்பு என்று சொல்ல வாய் திறந்தவன், ஒன்றும் பேசாமல் எலியை அமுக்கினான்.

பாமணி அண்ணா, நீங்கள் கேட்டதைத் தம்பியிடம் கேட்டேன். கண்ணை மூடி யோசித்தான். சட்டென்று எழுந்து போய் கண்ட்ரோலரைச் சார்ஜில் போட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. தொடர்கிறோம்.

மேலட்டூர் வடக்கு வீதி:

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். அப்பாயிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான். எங்கள் ஊரில் வைகாசி வாக்கில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாதன் கதை ராத்திரி தொடங்கினால் விடியும்வரை. நரசிம்மர் முகம் பூஜையில் இருப்பது. அதைக் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு ஆவேசம் வந்துவிடும், கூட நின்று பிடித்துக்கொள்வார்கள். முன் வரிசையில் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் இவர்கள். பயப்படுவதற்காகவே கண்விழித்து உட்காருவது அவர்களுக்குப் புதிது இல்லை.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நம் கையில்தான் கதை என்கிறார்கள், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ரம்பம் வருகிற இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜாஷா, ஆஷ்லியா, யாரைக் காப்பாற்றுவது என்று கிறிஸிடம் கேட்பார்கள். எந்தப் பக்கம் நெம்புகோலைத் திருப்பினாலும் ரம்பம் ஒரே ஆள் பக்கம்தான் போகும். இரண்டாம் தடவை ஆடியபோது இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. அவ்வளவு தவித்து எடுத்த முடிவு அது.

அதற்காகவே சொல்கிறேன், முதல் தடவையைக் கலைக்காதீர்கள். அந்தத் தவிப்பு ஒரு தடவைதான் கிடைக்கும்.

பாமணி:

மேலட்டூர் ஐயா, ரம்பம் அப்படிப் போவதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது, அது ஏமாற்று இல்லை. அதோடு, சாவு மாறாவிட்டாலும் மனசு மாறும். கிறிஸ் ஆஷ்லியிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதை அவள் மறக்க மாட்டாள். துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பி விசையை அழுத்தினால், ரொம்ப நேரம் கழித்து அவன் கதவைத் தட்டும்போது அதற்கு விலை உண்டு. எனக்கு அது போதும்.

தங்கச்சி, முன்னே சொன்னேனே, சும்மா இருந்தவன் பிழைப்பான் என்று, அந்தக் கட்டங்கள் வரும். கண்ட்ரோலர் துளி ஆடினாலும் கண்டுபிடிக்கும், உள்ளே அசைவை உணர்கிற கருவி இருக்கிறது. கையில் பிடிக்காமல் தரையிலோ மேசையிலோ வைத்துவிட்டால் ஆடாது.

வெண்ணாற்றங்கரை:

முடித்துவிட்டோம். கடைசி வரை உடைத்துத்தான் எழுதுகிறேன், ஆடாதவர்கள் படிக்க வேண்டாம்.

எமிலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவள் என் பங்கு. வாயைத் திறந்தால் யாரையாவது கடித்துக் குதறுவாள், எங்கள் வீட்டில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. சுரங்கத்திலிருந்து தப்பி வந்தவள் தோளில் கடித்த காயம். கடி பட்டால் அவளும் அந்த ஜந்துவாக மாறிவிடுவாள் என்று எல்லோரும் பயந்து, மைக் அவள் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டுகிறான். மைக் தம்பி கையில். சுடு என்கிறாள் அத்தை மகள். நான் வேண்டாம் என்றேன், ஆனால் என் ஆள் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். தம்பி திரும்பி அப்பாயியைப் பார்த்தான். "வாய் நீளந்தான். அதுக்காகக் கொன்னுருவியா? கடிச்சா மாறும்னு யாரு கண்டா?" என்றது.

தம்பி சுடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆஷ்லி ஒரு குறிப்பேட்டைப் படித்து, கடியால் யாரும் மாறுவதில்லை என்று சொல்கிறாள். நான்கு பேரும் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. வெளியே ஓட்டில் மழைச் சத்தம். சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பி இன்றைக்கும் கேட்கிறான்.

அந்த ஜந்து வெண்டிகோ. வட அமெரிக்காவின் அல்கோன்குவியன் பழங்குடி மக்கள் சொல்லி வந்த உரு. மனித மாமிசம் தின்றவர் அப்படி ஆகிவிடுவார். ஆட்டத்தில் 1952இல் அந்தச் சுரங்கம் இடிந்து தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள், சோறில்லாமல் செத்தவர்களைத் தின்கிறார்கள். இதை நான் சொல்லி முடித்ததும் அப்பாயி முகம் மாறிவிட்டது. அதுவரை "சனியன், சனியன்" என்று திட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "பசியில செஞ்சதுதானே" என்றது. பசியைப் பற்றி அப்பாயி எங்களிடம் அதிகம் பேசினதில்லை. அன்றைக்குப் படுக்கப் போகும் முன் தன்னுடைய சின்ன வயசில் ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் மரவள்ளிக்கிழங்கை வைத்தே ஓட்டியதைச் சொன்னது. நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அசையாமல் இருக்கிற கட்டத்தில் கண்ட்ரோலரைத் தரையில் வைப்பது ஏமாற்று என்று தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை மகளுக்குக் கை நடுங்கியது, சாம் அவள் பங்கு. அப்பாயிதான் "இங்க குடு" என்று வாங்கி இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டது. முதல் தடவையாகக் கண்ட்ரோலர் அப்பாயி கையில். திரையில் வெளிச்சம் அசையவே இல்லை. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது! பாமணி அண்ணா, உங்கள் பென்டிரைவ் தேவைப்படவில்லை. கரண்ட் வந்து போட்டபோது கொஞ்சம் முன்னால் இருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் நகல் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் யாரும் பதறவில்லை.

ஜெசிகா உயிரோடுதான் இருந்தாள். சுரங்கத்தின் அடியில் அவள் கண் விழிக்கிறபோது தம்பி போட்ட சத்தத்தில் உள்ளே தூங்கின சித்தி எழுந்து வந்துவிட்டார்கள். மேட் அதற்கு முன்பே போய்விட்டான், என் கையில்தான் போனான். அதனால் ஜெசிகா தனியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. "ஓடணுமா ஒளியணுமா" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே தம்பி அமுக்கினான். அப்பாயியைப் பார்க்கவும் இல்லை. அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

மேட்டுக்காகத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று தம்பி என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் இல்லாமல் இவர்கள் விடியலைப் பார்த்தார்கள், அதுதான் நாங்கள் ஆடின கதை. தம்பி மட்டும் இப்போது பகலில் அத்தியாயங்களை எடுத்து ஆடிப் பார்க்கிறான், அணிலிலிருந்து.

அடுத்தது என்ன எடுக்கலாம்? அப்பாயி கேட்கச் சொன்னது. கண்ட்ரோலரில் தனக்கும் ஓர் ஆள் வேண்டுமாம். பொத்தான்களில் வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் பழகிவிட்டது. வேகம்தான் வராது.

தரங்கைக் கடல்:

தொடர்ந்தது நல்லதாகிவிட்டது, நான் சொன்னதைக் கேட்காததில் எனக்குச் சந்தோஷம்தான். அப்பாயிக்கு ஆள் வேண்டும் என்றால் மூவி நைட் இருக்கிற ஆட்டமாகவே எடுங்கள்.

பாமணி:

அப்படியானால் ஹவுஸ் ஆஃப் ஆஷஸ், 2021இல் வந்தது. பிஎஸ் 4இல் ஓடும். 2003இல் ஈராக்கில், பாலைவனத்தில் மண் உள்வாங்கி, எதிரெதிர் பட்டாளத்துக்காரர்கள் பூமிக்கடியில் ஒரு பழைய கோயிலுக்குள் விழுந்துவிடுகிறார்கள். ஐந்து பாத்திரம், மூவி நைட் உண்டு. அதில் சலீம் என்கிற ஈராக்கியச் சிப்பாயை அப்பாயிக்குக் கொடுங்கள். மகனைப் பார்க்க வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே நினைப்பு.

வேகம் வராது என்றீர்கள், அதற்கு வழி இருக்கிறது. கடினம் மூன்று நிலையில் வைத்திருக்கிறார்கள். எளிதானதை எடுத்தால் பொத்தான் அமுக்க அதிக நேரம் கிடைக்கும். இதற்கு முன்னால் இதே கம்பெனி செய்த லிட்டில் ஹோப்பிலிருந்தே பொத்தான் கட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அடையாளம் காட்டி எச்சரிக்கிறார்கள். அதைப் பார்த்ததும் "அப்பாயி, கை" என்று சொல்லிவிடுங்கள், போதும். தி குவாரியும் நல்ல ஆட்டம், பொத்தான் கட்டங்களை அதுவே பார்த்துக்கொள்கிற மாதிரி வைக்கலாம். ஆனால் அது அண்டில் டான் மாதிரியே இளவட்டங்கள், காடு, ஒரு ராத்திரி. நடுவில் ஒன்று வேறு மாதிரி ஆடிவிட்டு அதற்குப் போங்கள்.

வட்டு என்னிடம் இருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கம் சனிக்கிழமை உர மூட்டை வாங்க வருகிறேன், தம்பியை அனுப்புங்கள்.